இடப்பக்கம் இழுக்கும்

நான் நடுவர்.
கையில் எஃகு அளவுகோல், கழுத்தில் பூதக்கண்ணாடி,
பையில் பாதி தின்ற சீஸ் ரொட்டி.
ஹானா சமவெளியில் மே மாத ஞாயிறு.
புல் ஓடுபாதைக்கும் பூத்துக் கிடக்கும் கடுகு வயலுக்கும்
நடுவே ஒரு வெள்ளைக் கயிறுதான் எல்லை.

ஏழாவதாக மேஜைக்கு வந்தது
திரஹோமீராவின் விமானம்.
நாற்பத்தெட்டாம் ஆண்டின் போர்விமானம்
ஐந்தில் ஒரு பங்காய்ச் சுருங்கி,
இரண்டு மீட்டர் இறக்கை விரித்து,
என் மூக்குக்கு நேராய் நின்றது.

அசலின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும்.
போர் முடிந்தபோது பட்டறையில் மிஞ்சியவை
தோற்றவனின் உடற்கூடுகள்.
அவற்றுக்கான எஞ்சின்கள் கிடங்கோடு எரிந்துபோயின.
குண்டுவீச்சு விமானத்தின் எஞ்சினைக் கொண்டுவந்து
மாட்டினார்கள்,
மெலிந்த கழுத்தில் எருமைத் தலையாக.
துடுப்புபோல் அகன்ற விசிறி ஒரு பக்கம் சுற்ற
உடம்பு மறுபக்கம் திமிறும்.
கிளம்பும்போதெல்லாம் இடப்பக்கம் இழுக்கும்.
ஓட்டியவர்கள் மெசெக் என்றார்கள்.
கோவேறு கழுதை.

அளந்தேன்.
தகட்டின் தறையாணிகளை எண்ணத் தொடங்கி
அறுநூறில் விட்டேன்.
ஒவ்வொன்றும் ஊசிமுனையால் தொட்டு வைத்த பசைத்துளி.
பகலில் அவளுக்குப் பல்செட் செய்யும் வேலை.
அடுத்தவர் வாய்க்குள்
பொய்யென்று தெரியாமல் நிற்க வேண்டியவற்றைச்
செதுக்கிப் பழகிய கை.
புகைக்குழாய்க்குப் பின்னால் படிந்த கரியைக்கூட
பழைய படத்தில் உள்ளபடியே
ஒரு பக்கம் கூடுதலாய்ப் பூசியிருந்தாள்.

விமானி பொம்மைக்கு மீசை இருந்தது.
"ஆதாரம்?" என்றேன்.
"இல்லை. பிடித்திருந்தது, வைத்தேன்."
அரை மதிப்பெண் கழித்தேன்.

"கைரோ பொருத்தியிருக்கிறாயா?" என்றான் ராதிம்,
போன வருடம் வென்றவன்.
அவனுடைய ஸ்பிட்ஃபயருக்குள் நகக்கண் அளவு சில்லு ஒன்று
காற்று தள்ள நினைப்பதற்குள்
சுக்கானைத் திருத்திவிடும்.
"பொருத்தினால் இது மெசெக் இல்லையே" என்றாள்.

எஞ்சின் இருமியது, பிடித்தது.
ஒன்பது கிலோ புல்லில் உருண்டது.
வால் எழுந்தது.
அப்புறம், யாரும் சொல்லித்தராமலே,
இடப்பக்கம் இழுத்தது.

அவள் கட்டைவிரல் வலப்பக்கம் அழுந்தி வெளுத்தது.
அசலில் அந்த இடத்தில் ஒரு கால் இருந்தது.
இருபத்திரண்டு வயதுக்காரன் ஒருவனின் வலது கால்,
மிதியில் முழுப் பலத்தையும் வைத்து நடுங்கிக்கொண்டு.
அது போதாமல் புல்லில் தலைகுப்புறக் கவிழ்ந்தவர்கள் உண்டு.
அதையெல்லாம் ஐந்தால் வகுக்கும் அளவுகோல்
என்னிடம் இல்லை.

கோடு வளைந்தது, இன்னும் வளைந்தது.
வெள்ளைக் கயிறு. அதற்கப்பால் மஞ்சள்.
பேனாவை மூடினேன்.
சக நடுவர் வ்லாஸ்திமில் மேஜைக்கடியில் குனிந்தேவிட்டார்.

கயிற்றுக்கு ஒரு சாண் முன்னால்
சக்கரங்கள் தரையை விட்டன.
கடுகுப்பூக்களை உரசி,
வயிற்றில் மகரந்தம் அப்பிக்கொண்டு,
வேண்டாவெறுப்பாக
ஏறியது கழுதை.

படிவத்தில் ஒரு கட்டம்:
நேராகக் கிளம்பியதா?
அதன் கீழே இன்னொன்று:
அசலைப்போல் கிளம்பியதா?
இரண்டையும் அச்சடித்தவர்
இந்த விமானத்தை நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்.

வ்லாஸ்திமில் பூஜ்யம் போட்டார்.
நான் ஒன்பது போட்டேன்.
விதிப்புத்தகம் எங்கள் இருவரையும் கூட்டி
நாலரை என்றது.

ஆறாவது இடம்.
ராதிம் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தான்.
அவள் இறக்கைகளைக் கழற்றி
போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.
வயிற்றின் மஞ்சளைத் துடைக்கவில்லை.
"துடைத்துவிடு, வர்ணத்தைத் தின்றுவிடும்" என்றேன்.
"இதற்காவது ஆதாரம் இருக்கிறது,
நீங்களே பார்த்தீர்கள்" என்றாள்.

மீசைக்குக் கழித்த அரை மதிப்பெண்ணைத்
திருப்பிக் கொடுக்கலாமா என்று
வீடு வரும்வரை யோசித்தேன்.
மையில் எழுதியது.
கொடுக்கவில்லை.